மிதவை நகர்ந்தது

சனிக்கிழமை இருநூறு மீட்டர்.
விசில் ஊதி மூன்றாம் நொடியிலேயே விழுந்தேன்.
வாய் நிறைய ஆறும் கடலும் பாதிப்பாதி;
தேங்காப்பட்டணம் பொழியில் அதற்குத் தனி ருசி,
செம்புச் செம்பில் உப்பு கரைத்ததுபோல.
பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்திருந்தவர் கேட்டார்:
"மீனும் பிடிக்காம, வலையும் இல்லாம,
இது என்னத்துக்குள்ள கட்டுமரம்?"
நியாயமான கேள்வி.
முழங்கால் ஊன்றிப் பலகையேறி, எழுந்து நின்று,
பதினோராவதாக வந்தேன்.
மொத்தமே பதினொரு பேர்.

ஞாயிறு ஆறு கிலோமீட்டர்.
மூன்று போக, மூன்று வர.
கரையில் பாதி கார்கள் எல்லை தாண்டி வந்தவை.
மைக்கில் ஒரு வரி மலையாளம், ஒரு வரி தமிழ்:
"ஷைனி ப்ளாரன்ஸ், மார்த்தாண்டம், பேங்க் ஸ்டாஃப்!"
கூட்டத்தில் யாரோ
"லோன் கிட்டுமா?" என்றான்.

எட்டரைக்கு ஏற்றம் என்று அட்டவணையில் இருந்தது.
கடல் அட்டவணை பார்ப்பதில்லை,
ஏழே முக்காலுக்கே உள்ளே வரத் தொடங்கிவிட்டது.
எல்லோரும் நடு ஆற்றில் நேர்கோடு பிடித்தார்கள்.
நான் கரையோரம்,
தாழை முள் தோளில் உரசும் அளவுக்கு ஒட்டி,
ஒழுக்கு சோம்பிக் கிடக்கும் இடமாகப் பார்த்துப் போனேன்.
தண்ணீரைத் தள்ளுவதல்ல இது.
எட்டி ஒரு கம்பம் நட்டு
அதைத் தாண்டிப் போவது,
பிடுங்கி மறுபடி நடுவது.
எத்தனை கம்பம் என்று எண்ணத் தொடங்கி
நானூற்றுப் பன்னிரண்டில் கைவிட்டேன்;
அதற்குள் பாதம் இரண்டும் மரத்து
யாருடையவையோ ஆகிவிட்டன.
ஏழு பேர் எனக்குப் பின்னால்.

முன்னால் மூன்றாவதாக வர்க்கலை ரெஞ்சினி.
மஞ்சள் தொப்பி. முப்பது மீட்டர்.
கறுத்த பாறைக்கு நேரே
ஆரஞ்சு மிதவையைச் சுற்றித் திரும்பினாள்.
அப்புறம் மிதவை நடந்தது.

சத்தியமாக நடந்தது.
அடியில் கட்டிய மணல்மூட்டை அவிழ்ந்திருக்க வேண்டும்.
ஏற்றத்தின் முதுகில் ஏறி
விலாசம் விசாரித்து வருகிற விருந்தாளிபோல
நேரே என்னிடம் வந்தது.
பாதுகாப்புப் படகில் அஜின்
போனில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான்.
நான் சுற்றினேன்.
விதி அதுதானே,
மிதவையைச் சுற்ற வேண்டும்.
பாறையைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

நிமிர்ந்தபோது ரெஞ்சினி என் பக்கத்தில்.
அவள் பார்வையில் கேள்வி இருந்தது,
கேட்க மூச்சு இல்லை.
எனக்கும் இல்லை.
கடல் பின்னாலிருந்து இருவரையும் ஒன்றாகத் தள்ளியது,
ஒருத்தியின் அலையில் மற்றவள் பலகை ஏறி இறங்க
பாலம் வரை வந்தோம்.
கடைசி இருநூறு,
நேற்று நான் விழுந்த அதே இருநூறு.
இன்று விழவில்லை.
ஒரு சாண் வித்தியாசத்தில் மூன்றாவது.

பிறகு கை கொடுத்தாள்.
அவள் உள்ளங்கையிலும் அதே இடத்தில் கொப்புளம்.
"அது நீங்ஙியோ?" என்றாள் மெதுவாக.
நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.
ரொம்ப நேரம் குடித்தேன்.

திங்கள், பத்து மணி, இரண்டாம் கவுண்டர்.
ஐம்பது ரூபாய் கூடிவிட்டால்
இரவு எட்டு வரை செலான் செலானாகப் புரட்டுகிறவள் நான்.
யாருடையது என்று தெரியாவிட்டால்
சஸ்பென்ஸ் கணக்கில் எழுதிக்
கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்குப் போவேன்.
மெடல் கைப்பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்.
இந்த முப்பது மீட்டர் யாருடையது என்று தெரியும்.
போனில் அவள் அனுப்பிய படம்கூட இருக்கிறது:
பரிசு மேடையில் நாங்கள் மூன்று பேர்,
படமெடுத்தவளின் விரல் ஓரத்தில் மங்கலாக.
பதில் இரண்டு முறை எழுதினேன்.
இரண்டையும் அழித்தேன்.

டோக்கன் நாற்பத்தேழு எதிரில் நிற்கிறார்.
அவருடைய நோட்டுகளை எண்ணுகிறேன்,
மறுபடியும் எண்ணுகிறேன்.
காலுக்குக் கீழே தரை
இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது.