நின்ற கடிகாரம்

எட்டு புள்ளி மூன்று விநாடி.
சிவப்பு எண்கள் நின்றுவிட்டன. நிறுத்தியது நான்தான்.
இருபத்தாறு குளிர்காலமாக
டன்மோர் கல்லூரியின் கடிகாரப் பொத்தான்
என் கட்டைவிரலடியில்.
பகலில் வடக்கு டகோட்டா சர்க்கரை ஆலையில்
லாரி லாரியாய் வரும் பீட்ரூட்டை எடை போடுகிறேன்,
இரவில் இதை.

வெர்லீன் டிஸ்டேலை எனக்கு முன்பே தெரியும்.
தெரியும் என்றால்,
ஒருமுறை எதிரணியில் வந்தாள்,
நாற்பத்தொரு புள்ளி எடுத்துவிட்டுப் போனாள்.
எங்கள் பெண்கள் மூன்று பேர் அவளை மறித்தார்கள்.
காற்றை மறித்ததுபோல் என்று எழுதலாம்; அது பொய்.
மோதினார்கள், விழுந்தாள்.
உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து
அடுத்ததையும் போட்டாள்.
அன்று பலகையில் ஒரு பல்பு கருகியது,
அதற்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை.

பிறகு ஹங்கேரி, துருக்கி என்று கேள்விப்பட்டோம்.
வலது முழங்காலில் இரண்டு அறுவை, இடதில் ஒன்று.
போன செப்டம்பரில் ஒரு பழைய வேனில் வந்திறங்கி
அரங்கத்தின் சாவி யாரிடம் என்று கேட்டாள்.

அவள் பெயருக்குக் கூட்டம் வரும் என்றார்கள்
வேலைக்கு எடுத்தவர்கள்.
வந்தது, முதல் வாரம்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டது.

பதினொரு பெண்கள். வரிசையாக ஆறு தோல்வி.
பயிற்சியில் அவள் பந்தைத் தொடுவதே இல்லை,
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டோரம் நடக்கிறாள்
என்று தரை துடைக்கும் ஓர்வில் சொன்னான்.
ஒரு தரம் செய்து காட்டுங்கள் என்று கேட்டார்களாம்.
“காட்டினால் என்னைத்தான் பார்ப்பீர்கள்,
கூடையைப் பார்க்கமாட்டீர்கள்” என்றாளாம்.
ஓர்வில் கொஞ்சம் கூட்டிச் சொல்பவன்.
ஆனாலும்.

இன்று வெளியே மைனஸ் இருபது.
வாகனங்கள் எல்லாம் மின்வயரில் கட்டிப்போட்ட மாடுகளாய்
நிற்கின்றன, எஞ்சின் உறையாதிருக்க.
உள்ளே தொண்ணூறு பேர் இருக்கலாம்.
ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம்.
போய்ட்ராவின் பாஸ் யாரோ ஒருத்தியின் விரல் நுனியில் பட்டு
கோட்டைத் தாண்டித் தெறித்து
வேறெங்கும் போகாமல்
டிஸ்டேலின் கைக்கு வந்தது.

விசில்.
என் கட்டைவிரல்.

அதன்பிறகு நடந்தது ஆட்டக்குறிப்பில் இல்லை.
அதற்கென்று ஒரு கட்டமும் கிடையாது.
விரல்கள் தாமாகவே பந்தின் தையலைத் தேடின.
முழங்கால் சற்றே மடிந்தது.
கண் வளையத்துக்குப் போயிற்று.
பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள்.
பாப்கார்ன் எந்திரம் மட்டும் பொரித்துக்கொண்டிருந்தது.
மேல் வரிசையிலிருந்து ஒருவன், “போடு!” என்றான்.

நடுவர் கை நீட்டினார்.
அவள் கொடுக்கவில்லை.
நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.
பெஞ்சில் பெண்கள் அவளையே பார்த்தார்கள்,
அவள் சொன்னது சரிதான்,
ஒருத்திகூடக் கூடையைப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு தட்டு தட்டினாள் தரையில்.
அந்த ஓசை என் மேசைக்கால் வழியே ஏறியது.
பிறகு, சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல்
நடுவரிடம் கொடுத்துவிட்டு,
உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தாள்.
“போய்ட்ரா, இடது பக்கம்” என்றாள்.

மீதி எட்டு புள்ளி மூன்று விநாடியை நான் ஓடவிட்டேன்.
போய்ட்ரா இடது பக்கம்தான் போனாள்.
பந்து வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி வெளியே விழுந்தது.
ஏழாவது.

கூட்டம் கலைந்தபின் என் மேசைக்கு வந்தாள்.
“எவ்வளவு நேரம் வைத்திருந்தேன்?”
விநாடியைப் பத்தாய் வெட்டுகிறவன் நான்.
“தெரியவில்லை, கடிகாரம் நின்றிருந்தது” என்றேன்.
சரி என்பதுபோல் தலையாட்டினாள்.
அல்லது சரியில்லை என்பதுபோல்.

வெளியே போய்ட்ராவின் கார் இருமி இருமி அணைந்தது,
வயரை மாட்ட மறந்திருக்கிறாள் பெண்.
பேட்டரிக் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு
டிஸ்டேல் அந்தப் பக்கம் ஓடினாள்,
மூன்று அறுவையும் விட்டுக்கொடுத்த வேகத்தில்.