கரை போதவில்லை

பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த எல்லாத் துணியிலும்
ஒரு பழுப்புக் கோடு.
மடித்து வைத்தவை. பிரித்தால்
கோடு நாலாகிறது, எட்டாகிறது.
சோப்பு, பிளீச்சிங் பவுடர், எலுமிச்சை, மொட்டைமாடி வெயில்,
எல்லாம் காட்டியாயிற்று.
மார்கழி பிறந்த அன்று சிந்துபூந்துறைக்குள் வந்த ஆறு
கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது.

"குப்பை வண்டி வந்தா போட்டுரு" என்றார் பூல்பாண்டி.
கிழிந்தால் போடலாம்.
கறைக்காகவா?

தினசரிக் காலண்டர் அட்டையைச் சதுரமாக நறுக்கினேன், அளவுக்கு.
முருகனுக்கு வேல் போயிற்று, மயில் மிச்சம்.
ஒன்பது வரிசை, வரிசைக்கு எட்டு.
சஹானாவின் எல்கேஜி யூனிபார்ம்.
கட்டம் போட்ட கைலி.
நாத்தனார் எடுத்துத் தந்து நான் ஒருநாளும் கட்டாத பச்சை.
யார் வீட்டுத் தலையணை உறையோ ஒன்று, பூப்போட்டது,
தண்ணீர் கொண்டுவந்து
எங்கள் ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போனது.
அதையும் சேர்த்துக்கொண்டேன்.

கோட்டோடு கோடு சேர விடவில்லை.
ஒன்றை நிமிர்த்தி, ஒன்றைப் படுக்கப்போட்டு,
ஒன்றைத் தலைகீழாய்.
ஏறுகிறோமா வடிகிறோமா என்று
அதற்கே குழம்பட்டும்.

நடுவில் வைக்க, நிவாரணத்தில் தந்த போர்வை.
வெளிச்சத்தில் பிடித்தால் எதிர்வீடு தெரியும்.
அடிக்கு இரண்டு வேட்டி.
மூன்றையும் தரையில் விரித்து மூலைக்கொரு பாரம்:
அம்மிக் குழவி, அரிசி டப்பா, காலி சிலிண்டர்,
நாலாவதுக்கு சஹானா.
அசையாதே என்றால்தான் அவளுக்குத் தும்மல் வரும்.

மாடிவீட்டு ஜெபராணி கோணி ஊசியோடு இறங்கி வந்தாள்.
அந்த மூன்று ராத்திரியும்
அவளுடைய ஒற்றை அறையில் பதினோரு பேர் கிடந்தோம்.
அதைப்பற்றி அவளும் பேசியதில்லை, நானும்.
"நூல ரெட்டையாப் போடுங்க மைனி."
நாலு சதுரம் கூடுகிற இடத்தில் குத்தி,
இறக்கி, ஏற்றி, ஒரு முடிச்சு.
ஐம்பத்தாறு.
அதில் ஏழு, டூட்டி முடிந்து வந்த பூல்பாண்டி
"தள்ளு, கொஞ்சம் பாக்கட்டும்" என்று உட்கார்ந்து போட்டவை.
எவை என்று பார்த்தாலே தெரியும்.

ஓரம் மடிக்கச் சுங்கடிச் சேலையின் கரை.
மறுகரை நைந்து கையோடு வந்துவிட்டது.
இருந்தது அஞ்சரை மீட்டர், சுற்றளவோ ஏழு.
கால்மாட்டுப் பக்கம் கரையில்லாமல் நின்றது.
"கரை பத்தாமத்தான இவ்வளவும்" என்று
ஜெபராணி சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.

வீட்டில் கோடு விழாத துணி ஒன்றே ஒன்று.
வெள்ளத்தன்று அவர் உடம்பில் கிடந்த காக்கி.
செய்துங்கநல்லூருக்கு அந்தப்பக்கம்
மேட்டில் பஸ்ஸை ஏற்றி நிறுத்திவிட்டு
ஸ்டியரிங்கில் தலைவைத்து இரண்டு நாள்.
கேட்டேன்.
"இதத் தந்துட்டு நான் எதப் போட்டு வண்டி எடுக்க?
டெப்போல கேப்பாம்லா."
நியாயம்தான்.

ஜூனில் புதுச் சீருடை வரும்வரை
பிசிறு தொங்கத்தான் போர்த்தினோம்.
காலில் நூல் சுற்றும். சஹானா விரலால் இழுத்து இழுத்து
ஒரு சதுரத்தையே குறைத்துவிட்டாள்.
திருநெல்வேலி வெயிலுக்குப் போர்வையா என்று கேட்டவர்கள்
ஒரு மத்தியானம் அதை மடித்துப்போட்டு உட்கார்ந்து
காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

காக்கியை அவரே பிரித்தார், பிளேடு வைத்து,
முதுகுப்பக்கத்தை, பொறுமையாக.
பையில் ஒரு பழைய டிக்கெட்.
பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்ப மடித்தார்.

ஐப்பசி. மேற்கே இடிக்கிறது.
இப்போதெல்லாம் மழைக்கு நான் எழுந்திருப்பதில்லை
என்று சொன்னால் பொய்.
போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். தெரு ஈரம், அவ்வளவுதான்.
சஹானா குறுக்கே கிடக்கிறாள், பாதம் காக்கியில்.
நாலாம் வரிசையில் ஒரு முடிச்சு அவிழ்ந்திருக்கிறது.
அவர் போட்டதுதான்.
கோணி ஊசி மாடியில்.
விடிந்ததும் கேட்டு வாங்க வேண்டும்.