அடிபாரம்

நிலக்கரி இறக்கிய கப்பல்கள்
வெறும் வயிற்றோடு திரும்பினால் கவிழும்.
அதனால் எந்தெந்தக் கரையிலோ
மண்ணள்ளிப் போட்டுக்கொண்டு வந்தன
சண்டர்லாந்துக்கு.
மணலை உருக்கிக் கண்ணாடியாக்கினார்கள்.
மிச்சத்தை ஆற்றோரம் கொட்டினார்கள்.
மிச்சத்துக்குள் விதை இருந்தது.
யாரும் எண்ணவில்லை.

அப்ரெஹெத் செய்வது அந்தச் செடியை.
கடுகுக்குத் தூரத்து உறவு;
நாலிதழ், மஞ்சள்,
கசக்கினால் மூக்கில் ஏறும் நெடி.
எரிவிளக்கின் நீலநாக்கில்
கண்ணாடிக் கம்பி இளகும் கணத்தில்
மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.
அஸ்மாராவைப் பற்றி நான் கேட்டதில்லை.
குளிர்கிறதா என்று கேட்பேன்.
"கை மட்டும் சுடுகிறது" என்பாள்.

கண்காட்சி நாளில் ஒருவர்
பெட்டிமேல் மூக்கு பதித்து நின்றார்.
ஹெட்லி ராப்சன், ஓய்வுபெற்ற கிரேன் ஓட்டுநர்.
"இதுவா? எங்கள் பின்சுவரில் முளைக்கும் சனியன்.
வினிகர் ஊற்றுவேன்.
அடுத்த மே மாதம் நலம் விசாரிக்க வந்துவிடும்."
எல்லோரும் சிரித்தார்கள்.
அவளும், கொஞ்சம் தாமதமாக.

செவ்வாயன்று மறுபடி வந்தார்.
மீன்வறுவல் சுற்றிய தாளில்
வேரோடு பிடுங்கிய செடி.
"தப்பாகச் செய்திருக்கிறாய், பெண்ணே.
வேர் இப்படி நேராக இறங்காது. பார்."

பார்த்தோம்.
சுவரின் ஒரு துண்டையே
கையோடு கொண்டுவந்திருந்தது செடி.
பாக்களவு செங்கல், கொஞ்சம் சுண்ணாம்பு,
சுற்றிலும் முடியிழை வேர்கள்.
எது எதைப் பிடித்திருக்கிறது என்று
பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பதினோரு இரவுகள்.
செங்கல்லோடு கண்ணாடி சேராது,
விரிவதும் சுருங்குவதும் வேறு வேறு கணக்கு;
சூட்டில் ஒட்டினால்
நடுநிசியில் டிக்கென்று ஒரு சத்தம்.
காலையில் கூட்டி அள்ளுவது என் வேலை.
நான்கு முறை அள்ளினேன்.

ஐந்தாவதில் வேரை மட்டும் பின்னி
உலையில் மெல்ல மெல்ல ஆறவிட்டு,
பிறகு, இடுக்கி நுனியில்,
அந்தச் செங்கல்லை உள்ளே நுழைத்தாள்.
ஒட்டவில்லை. தூக்கினால்
லேசாக ஆடுகிறது, கிலுகிலுப்பை மாதிரி.
விழவில்லை.

அருங்காட்சியகத்துப் படிவத்தில்
'தாயகம்' என்றொரு கட்டம்.
அந்தக் கட்டத்தை அவள் ஏற்கெனவே
எத்தனையோ அலுவலகங்களில் நிரப்பியிருக்கிறாள்.
பேனாவை வாங்கி ஹெட்லி எழுதினார்:
'பதினேழு, டார்வென்ட் சந்து, பின்சுவர்.'
அடித்துவிடுவாளென்று நினைத்தேன்.
"வினிகர்?" என்று மட்டும் கேட்டாள்.