எல்லை விவரம்

மாற்றலாகி வாடிப்பட்டிக்கு வந்த மூன்றாம் நாள்
பேரூராட்சிப் படிவத்தில்
நான்கு எல்லைகளை நிரப்பச் சொன்னார்கள்.
வடக்கே சிறுமலை.
தெற்கே வயல், வயலுக்கும் அப்பால் வைகை.
மேற்கே கொடைரோட்டுக்குப் போகிற சாலை.
கிழக்கே என்ற கோட்டில்
பேனா தானாகக் கடல் என்று எழுதிவிட்டது.

தொண்டியில் பதினோரு வருஷம்
அப்படித்தான் எழுதினேன்.
வீட்டு வரி ரசீதுகள் உப்பில் நமுத்திருக்கும்.
கடைசி வார்டு
காலையில் ஓர் அளவு, ஓதம் ஏறினால் வேறு.
எவனும் வந்து கல் நட்டதில்லை.

ஒச்சப்பன் சார் சிரிக்கவில்லை.
வெள்ளை மை தடவி
காயும்வரை ஊதினார்.
"ஓடைன்னு போடுங்க மேடம்.
தண்ணி இருக்கான்னு கேக்க மாட்டாங்க."

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன்.
மஞ்சள் பலகையின் அடியில்
கடல் மட்டத்துக்கு மேல் என்று எழுதி
ஏதோ ஓர் எண்.
கடைசி இலக்கம் உரிந்துபோயிருந்தது.

இத்தனை மலைகளை வைத்துக்கொண்டு
அங்கிருந்துதான் அளந்திருக்கிறார்கள்.

பலகைக்குக் கீழே யாருடைய நகரைமீன் பெட்டியோ.
ஐஸ் கரைந்து
சிமெண்டில் மெல்லிய கோடாக ஓடியது.
எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே நின்றதில்
ஆறு இருபது வண்டியை விட்டுவிட்டேன்.