காரணம்: வாசிக்க

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
என் மேசைக்கு வரும் ஒவ்வொரு பலகைக்கும்
ஓர் அட்டை உண்டு.
எந்த ஷிப்ட்டில் யார் தொட்டார்,
எங்கே ஈயம் வழிந்தது, யார் திருத்தினார்,
எல்லாம் அதில் இருக்கும்.
அட்டை இல்லாத பலகையை நான் தொடமாட்டேன்.
பதினேழு வருஷமாக
லென்ஸுக்குக் கீழே தவறு தேடிய கண் இது.

என் அட்டை மட்டும் என்னோடு வந்ததில்லை.
தள்ளுவண்டியில் எனக்கு முன்னால் போகும்.
ஒருமுறை எடுத்து மடியில் வைத்தேன்.
அட்டெண்டர் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.
"இது உங்களுது இல்லம்மா."
மேலே சிவப்பு முத்திரை: சூலிட்.
மலாயில் இரகசியம் என்று பொருள்.
தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான்,
அதில் எனக்குச் சூல்தான் முதலில் தெரிந்தது.

இந்த வருஷம் மனுப் போடலாம் என்றார்கள்.
கவுண்டரில் கிராணி காக் ரொஹாயா
பாரத்தைத் திருப்பிக் காட்டினார்.
காப்புறுதிக்கா? கோர்ட்டுக்கா?
வேறு மருத்துவமனைக்கா?
கட்டம் மூன்றுதான்.
ஓரத்தில் நானே ஒரு கட்டம் வரைந்து
'வாசிக்க' என்று எழுதினேன்.
என்னைப் பார்த்தார், ஐசியைப் பார்த்தார்,
பிறகு குத்தினார் முத்திரையை.
நாற்பது வெள்ளி. மூன்று வாரம்.

நாற்பத்து மூன்று பக்கம் வந்தது.
மருந்துக்குக் காத்திருப்பவர்களின் பெஞ்சில்
அவர்களுடைய எண்கள் ஏறிக்கொண்டிருக்க
நான் என் எண்களைப் படித்தேன்.
சிவபாக்கியம் நான்காம் பக்கத்தில் சிவபக்கியம் ஆகி
ஒன்பதில் சிவா ஆகி
ஒரு எக்ஸ்ரே தாளில் ஆணாகவும் இருந்தாள்.
சிரித்தேன்.
புரியாத எழுத்துச் சுருக்கங்களை
அந்த வழியாகப் போன மிஸ்ஸி ஒருத்தி
நின்று, உதட்டைக் கடித்து, சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கம் முப்பத்தொன்று.
இடது சூலகம் அகற்றப்பட்டது.
வலது குழாய் அடைப்பு.
கருத்தரிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.
நோயாளி மயக்கத்தில்;
கணவரிடம் தெரிவிக்கப்பட்டது.
கீழே பரஞ்சோதி என்று கையெழுத்து,
ஜோவுக்குக் கொம்பு சற்றே நீண்டு.
நாற்பத்து மூன்று பக்கத்தில்
தமிழ் அது ஒன்றுதான்.

கட்டியை எடுத்தாயிற்று என்றுதான் எனக்குச் சொன்னார்கள்.
அதற்குப் பிறகு
தண்ணீர்மலைக்கு ஒன்பது பால்குடம்.
தவறான இலாகாவுக்குப் போன மனுக்கள்.

கேட்டவர்களிடமெல்லாம்
"குறை எனக்குத்தான்" என்பார்.
அண்ணன் வீட்டில் சொன்னார்,
கல்யாண மண்டபத்தில், இலைக்கு முன்னால் சொன்னார்.
ஒரு தீபாவளிக்கு முந்தின இரவு
கோபத்தில் நானும் அதைச் சொல்லிக் காட்டினேன்.
அவர் சட்டி கழுவிக்கொண்டிருந்தார்.
கழுவிக்கொண்டே இருந்தார்.

அன்பு என்பீர்கள். சொல்லுங்கள்.
பழுதை மறைத்தவன்
பலகையை நேசித்தான் என்று
எந்த அட்டையிலும் நான் எழுதியதில்லை.
மயக்கம் நாலு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது.
வெள்ளை அங்கிகள் காலையும் மாலையும்
கட்டிலருகே வந்து நின்று போயின.
நான் விழித்துத்தான் இருந்தேன்.

கீழே மோட்டாரோடு நின்றார்.
கைப்பிடியில் பையில் கட்டிய மைலோ,
ஐஸ் பாதி கரைந்து.
"கொடு, கூடையில வைக்கிறேன்."
"வேணாம். இது என்னுது."

பாலத்தில் காற்று.
அவர் முதுகுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவே
நாற்பத்து மூன்று பக்கம்,
பிடிக்க ஒரு கை போதவில்லை.
"முப்பத்தொண்ணாம் பக்கம்" என்றேன்.
கேட்டிருக்காது.
பிறை விளக்குகள் தெரியும்போது
ஹெல்மெட் ஒருமுறை
மெதுவாக, கீழே போய் மேலே வந்தது.