அறுபத்து மூன்று

நாகமலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சர்வதேசக் கல்லூரியை
நான் பார்த்ததில்லை.
டவுன்ஹால் ரோட்டில், லாட்ஜ் மாடிப்படிக்கு அடியில்,
ஆறடிக்கு எட்டடிக் கடையில் உட்கார்ந்தபடியே
அதன் ஒரு வருடம் எனக்குத் தெரியும்.

பங்குனி பிறந்தால் பட்டியல் வந்துவிடும்.
கேடயம் இருநூற்றைம்பது. எழுத்துக்கு ஐந்து.

வாலிபால், மாவட்டம், இரண்டாமிடம்:
பன்னிரண்டு பெயர், ஒரே தகடு,
பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடியும்.

நூறு மீட்டர், பெண்கள்: நீமா முவாக்யூசா, தான்சானியா.
போன வருடம் இவள் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டேன்.
சித்திரையில் வெறுங்காலோடு வந்து
திருத்தி வாங்கிப் போனாள்;
அழகர் இறங்கிய கூட்டத்தில்
செருப்பை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டாளாம்.

வினாடி வினா, மாநிலம், முதலிடம்:
ஹேமலதா ஓபுளா, பெமா ஷெர்பா.
ஒருத்தி காமராஜர் சாலைச் சௌராஷ்டிரம், ஒருத்தி நேபாளம்.
எந்த மொழியில் சண்டை போடுவீர்கள் என்று கேட்டேன்.
தமிழில்தானாம்.
அதில்தான் வசவு சுருக்கென்று தைக்கிறதாம்.

விடுதியில் சுத்தமான தளம்: இரண்டாவது.
குழாயில் தண்ணீர் ஏறாத தளம் அது.
சேறாக்கவும் தண்ணீர் வேண்டுமே.

முழு வருகை, மூன்று ஆண்டு:
ஒச்சம்மாள், செக்கானூரணி, ஐந்தே முக்கால் பஸ்.
இந்தப் பெயருக்கு மட்டும் மெஷினை
ஒரு புள்ளி மெதுவாக வைத்தேன்.
காரணம் கேட்காதீர்கள்.

ஆகமொத்தம் அறுபத்திரண்டு.

மறுநாள் மூன்று பையன்கள் வந்தார்கள்.
பரமன், ஜெயசிங், இன்னொருவன் பேர் சொல்லவில்லை.
கையில் முந்நூற்று நாற்பது ரூபாய், பாதி சில்லறை.
அறைக் கூட்டாளி, மலாவிக்காரன், சிகோண்டி,
புள்ளியியலில் மூன்று முறை கவிழ்ந்து
இந்தத் தையில் கரையேறிவிட்டான்.
"அதுக்கு ஏண்டா கேடயம்?"
"நாங்க மூணு பேரும் ஒரே தடவைல பாஸுக்கா.
அது ஒண்ணும் பெரிசில்ல."
தமிழில்தான் வேண்டுமாம். பஸ் போர்டு பார்த்தே
படிக்கக் கற்றவனாம் அவன்.

கேடயம் போகத் தொண்ணூறு. பதினெட்டு எழுத்து.
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி எண்ணினோம்:

சிகோண்டி
புள்ளியியல்
நாலாந்தடவை
தேறினான்

இருபது.

நாலாந்தடவையை எடுத்துரலாம் என்றான் பேர் சொல்லாதவன்.
விஷயமே அதுதானடா என்று மற்ற இருவரும் பாய்ந்தார்கள்.
தேறினார் என்று போடவா, விலை ஒன்றுதான் என்றேன்.
என் பனியனைப் போட்டுத் திரியிறவனுக்கு
'ர்' எதுக்கு என்றான் ஜெயசிங்.

பத்தாவதில் படித்த இலக்கணம்
இருபது வருடம் கழித்து எழுந்து உட்கார்ந்தது:
மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை.
அரை மாத்திரைக்கு முழுக் காசு வாங்கலாமா?
ண், ள், ல், ந், ன்.
ஐந்துக்கும் பாதி விலை. எண்பத்தேழரை.
(கல்லூரிப் பட்டியலுக்கு இந்தச் சலுகை கிடையாது.)
மீதி இரண்டரைக்குச் சில்லறை இல்லை.
கடலைமிட்டாய் ஒன்றை மூன்றாக உடைத்துக்கொண்டு
கேடயத்தைச் சட்டைக்குள் செருகிப் போனார்கள்.

ஆண்டு விழா முடிந்த திங்கட்கிழமை
கல்லூரி அலுவலகத்திலிருந்து போன்.
மேசைக் கடைசியில் எதுவோ ஒன்று இருந்ததாம்.
சிறப்பு விருந்தினர், பெரிய அதிகாரி,
கையில் எடுத்து மைக்கில் பிசிறில்லாமல் வாசித்துவிட்டாராம்.
பந்தல் ஒரு கணம் விழித்ததாம்.
பிறகு பின்வரிசையிலிருந்து கிளம்பிய கைதட்டல்
ஓட்டப்பந்தயத்துக்குக்கூட இல்லையாம்.
பையன் மேடையேறி வாங்கி,
நெடுநேரம் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தானாம்.

"உங்க கணக்குல ஒண்ணு கூடுதும்மா."

"பில்லப் பாருங்க சார்" என்றேன்,
"அறுபத்திரண்டுதான்."

பொய்யில்லை.
அது ரொக்கம்.