தண்ணி துப்பல

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு
கூகுளில் எங்கள் கடையைத் தேடினேன்.
மூன்றாம் இடத்தில் இருந்தது
மூன்றாம் பக்கத்தில் கிடந்தது.
நடுவில் இருபது கடைகள்.
அதில் ஒன்று கடையே இல்லை,
மணலியில் ஒரு பூட்டிய ஷட்டர்.

காசிமேட்டில் தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கரையேறி
பெயின்ட் உரிந்து நிற்கிற மாதம்,
எங்களுக்குப் போன் ஓயாத மாதம்.
ஓய்ந்திருந்தது.
என் நம்பருக்கு நானே அடித்துப் பார்த்தேன்.
"இன்னா மேடம், கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?"
என்றார் தேசப்பன், வால்வைத் துடைத்தபடி.

மதியம் மண்ணடியிலிருந்து கிஷோர் வந்தான்,
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.
எட்டாயிரம் குடுங்க அக்கா,
ஐந்நூறு சைட்டிலிருந்து உங்களைக் கைகாட்ட வைக்கிறேன்.
என்னென்ன சைட்?
ஜாதகம், முடி உதிர்வு, துருக்கியில் ஒரு சூதாட்டம்.
துருக்கியில் யாருக்கு வேண்டும்
காசிமேட்டு இம்பெல்லர்?
டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.
அவன் போன பிறகும் கை அரித்தது.
எட்டாயிரம் அன்று கல்லாவில் இருந்தது.

இரண்டு வாரம் எதையும் தொடவில்லை.
தொடாமலிருப்பது பெரிய வேலை.
போன வருஷத்துக் கோட்டின் மேல்
இந்த வருஷத்துக் கோட்டை வைத்துப் பார்த்தேன்.
ஏப்ரல் வரை இரண்டும் ஒட்டிப் போகின்றன,
அப்புறம் ஒன்று மட்டும்
பாசிப் படியில் கால் வைத்தது போல.
விழுந்த பக்கங்களை எண்ணினேன். முப்பத்தாறு.

முப்பத்தாறையும் எழுதியது நான்தான்.
ராயபுரத்தில் படகு இன்ஜின் ரிப்பேர்.
தண்டையார்பேட்டையில் படகு இன்ஜின் ரிப்பேர்.
கொருக்குப்பேட்டையில் படகு இன்ஜின் ரிப்பேர்.
வியாசர்பாடியில்.
வியாசர்பாடியில் யார் படகு ஓட்டுகிறார்கள்,
டிசம்பர் வெள்ளம் தவிர?
ஒரே உடம்பு, சட்டையில் மட்டும் வேறு வேறு ஊர்.
வேலை செய்தது, அதனால் சரி என்று நினைத்தேன்.
தராசில் கட்டைவிரல் வைத்த மீன்காரனிடம்
ஒருநாள் மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கச் சண்டை போட்டவள் நான்.

அழித்தேன், ஒவ்வொன்றாக, முப்பத்து நான்கு.
எண்ணூரும் பழவேற்காடும் மிச்சம்.
அங்கே நாங்கள் நிஜமாகவே போகிறோம்.

பிறகு போன் வந்தால் குறித்துவைக்கிற நோட்டைப் புரட்டினேன்.
ஒருவர்கூட
'கடல்சார் இன்ஜின் குளிரூட்டும் அமைப்புப் பராமரிப்பு' கேட்டதில்லை.
அது நான் வைத்த தலைப்பு.
அவர்கள் கேட்டது:
தண்ணி துப்பல மேடம்.
ஸ்டார்ட் ஆவுது, நடுக்கடல்ல நின்னுடுது.
புகை வெள்ளையா வருது, ஓட்லாமா?

தேசப்பனை ஸ்டூலில் உட்கார வைத்தேன்.
தண்ணி துப்பலைன்னா முதலில் என்ன செய்வீங்க?
ஸ்பேனரால் முதுகைச் சொறிந்தார்.
"மொதல்ல இன்ஜின ஆஃப் பண்ணச் சொல்லுவேன்.
அப்பால ஓட்டையில ஒரு கம்பி உட்டுப் பாக்கணும்.
பாதி நாளு உப்பு. பாதி நாளு பிளாஸ்டிக் கவர்."
அப்படியே எழுதினேன். அவர் பெயரைப் போட்டேன்,
நகத்துக் கறுப்பு தெரிகிற போட்டோவும்.
கடைசி வரி: இதற்கு எங்களிடம் வர வேண்டியதில்லை.
அந்த வரியை அடிக்கலாமா என்று
ஒரு மணி நேரம் யோசித்தேன்.
இருக்கிறது.

தடை முடிந்து படகுகள் போயின.
போன சீசன் போனதுதான்,
வளையல் ஒன்று இன்னும் அடகில்.
ஐஸ் ஃபேக்டரி சுவரில்
நீலப் பெயின்டில் நம்பர் எழுதிவைத்தேன்.
அதற்கு எந்த வரிசையும் கிடையாது, மழை மட்டும் உண்டு.
ஜூலையில் பதினான்காம் இடம்.
ஆகஸ்டில் ஒரு வாரம் ஒன்பது,
மறுபடி பன்னிரண்டு.
ஏனென்று தெரியாது.
தெரியும் என்கிறவர்கள் எட்டாயிரம் கேட்கிறார்கள்.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு போன்.
பின்னால் அலைச்சத்தம்.
"மேடம், நீங்க எழுதினாப்ல கம்பி உட்டேன்.
கவர்தான். பால் கவரு."
ஒன்றும் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை.
இரு இரு என்று
போனை இன்ஜின் பக்கம் பிடித்தான்.
துப்பிக்கொண்டிருந்தது.